காரணியை அளப்பதா, எதிர்வினையை அளப்பதா? காசநோய்க் கண்டறிதலும் பயிரில் சேரும் கன உலோகமும்

உயிர் அறிவியல் துறைகளில் நடக்கும் ஆய்வுகளின் தலைப்புகளை வரிசையாகப் படிப்பவருக்கு, காசநோயைக் கண்டறியும் முறைகளும் கன உலோகத்தால் பயிர் படும் பாடும் அடுத்தடுத்து வருவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஒன்றின் ஆய்வுப் பொருள் மனிதரின் சளி. மற்றொன்றுக்கு மண்ணும் வேரும் இலையும். ஆயினும் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் முதல் பாளையங்கோட்டைக் கல்லூரிகள் வரை உயிர் அறிவியல் கற்பிக்கப்படும் திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு பார்த்தால், இரண்டு துறைகளும் ஒரே கேள்வியோடு போராடுவது தெரியவரும். தீங்கு உள்ளே புகுந்த நாளுக்கும் அது கண்ணுக்குத் தெரியும் நாளுக்கும் இடையே நீண்ட காலம் ஓசையின்றிக் கழிகிறது. அந்தக் காலத்தில் எதை அளந்து உண்மையை அறிவது? தீங்கு செய்யும் காரணியையே தேடி அளப்பதா, அதற்கு உடலோ செடியோ காட்டும் எதிர்வினையை அளந்து காரணியை ஊகிப்பதா? காசநோய்த் துறை இந்தத் தேர்வில் ஒருமுறை கடுமையாக அடிபட்டுப் பாடம் கற்றது. அந்தப் பாடத்தைப் பயிர் ஆய்வு இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் கருத்து.

முதலில் காசநோய். 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் இந்நோயின் கிருமியை அறிவித்தார். அதன் செல்சுவரில் மைக்காலிக் அமிலம் என்னும் மெழுகு போன்ற கொழுப்பு நிறைந்திருப்பதால், ஏறிய சாயத்தை அமிலம் ஊற்றிக் கழுவினாலும் அது விடுவதில்லை. சீல், நீல்சன் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் சாயமேற்றும் முறை இந்தப் பண்பையே பயன்படுத்திக்கொண்டது. நூறாண்டுக்கு மேலாக ஊர்ப்புற ஆய்வகங்களில் காசநோய் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டுகளில் பெரும்பாலானவை நுண்ணோக்கியின் அடியில் தெரிந்த அந்தச் சிவப்புக் கோல்களை நம்பியே எழுதப்பட்டன. விலை குறைந்த, எளிதில் கற்றுக்கொள்ளக்கூடிய முறை அது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கியில் அவை நம்பத்தகுந்த வகையில் கண்ணில் படும். அதற்குக் கீழே உள்ளவர் நோயாளியாக இருந்தும் நோயில்லாதவராகவே வீடு திரும்புவார்.

கிருமியை வளர்த்துப் பார்ப்பது இதைவிட நுட்பமானது. ஆனால் அங்கே காலம் குறுக்கே நிற்கிறது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க 18 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. முட்டை கலந்த லோவன்ஸ்டைன்-ஜென்சன் திட ஊடகத்தில் கூட்டங்கள் கண்ணுக்குத் தெரிய வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கிருமி வளரவில்லை என்று உறுதியாகச் சொல்ல எட்டு வாரம் ஆகும். திரவ ஊடகம் இந்தக் காத்திருப்பைக் குறைத்தது. எனினும் இல்லை என்று சொல்ல அதற்கும் ஆறு வாரம் வேண்டும். அந்த இடைவெளியில் நோயாளி இருமிக்கொண்டேதான் இருப்பார்.

இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் ஆசையிலிருந்துதான் எதிர்வினையை அளக்கும் சோதனைகள் பிறந்தன. காக் தாமே 1890இல் வெளியிட்ட டியூபர்குலின் மருந்தாகப் பயன்படவில்லை. ஆனால் தோலில் செலுத்தினால் தடிப்பு உண்டாக்கும் அதன் இயல்பு, மான்டூ சோதனையாக இன்றுவரை வாழ்கிறது. தடிப்பு எதைச் சொல்கிறது? இந்த உடல் எப்போதோ இக்கிருமியையோ அதன் உறவுக் கிருமிகளையோ சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே. பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கும் தடிப்பு வரலாம். தடுப்பூசிக் கிருமியில் இல்லாத ஈசாட்-6, சி.எப்.பி.-10 என்ற இரு புரதங்களைக் கொண்டு, இரத்த அணுக்கள் சுரக்கும் இன்டர்பெரான்-காமாவை அளக்கும் புதிய சோதனை இந்தக் குழப்பத்தை நீக்கியது. ஆனால் அடிப்படைக் குறை அப்படியே இருக்கிறது: உள்ளே உறங்கும் தொற்றையும் நுரையீரலை அரிக்கும் நோயையும் இந்தச் சோதனைகளால் பிரித்துச் சொல்ல இயலாது. கோடிக்கணக்கான மக்கள் வாழ்நாளில் எப்போதோ இக்கிருமியோடு உறவாடிய நாட்டில், அந்தப் பிரிவினைதான் மருத்துவருக்கு வேண்டியது.

கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் சோதனைகள் இன்னும் பெரிய தீங்கைச் செய்தன. சில நூறு ரூபாய்க்கு, சில மணி நேரத்தில் விடை தருவதாகச் சொல்லி, தனியார் ஆய்வகங்கள் வழியாக நாடெங்கும் அவை விற்கப்பட்டன. நோயில்லாதவர் மாதக்கணக்கில் மருந்து விழுங்கவும், நோயுள்ளவர் மருந்தின்றித் திரியவும் அவை காரணமாயின. உலக சுகாதார நிறுவனம் 2011இல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2012இல் இந்திய அரசு இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை அனைத்துக்கும் தடை விதித்தது. பயன்பாட்டில் இருந்த ஒரு கண்டறியும் முறை இப்படி முழுமையாகத் தடை செய்யப்படுவது அரிது. அந்தச் சோதனைகளை உருவாக்கியவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் எண்ணவில்லை. பல ஆய்வுகளில் ஒருபுறம் முற்றிய காசநோயாளிகளையும் மறுபுறம் ஆரோக்கியமான இளைஞர்களையும் நிறுத்தி ஒப்பிட்டார்கள். அப்படி ஒப்பிட்டால் ஏறத்தாழ எந்தச் சோதனையும் நன்றாகவே வேலை செய்வதுபோலத் தெரியும். மருத்துவமனை வாசலில் நிற்பவர்களோ ஆஸ்துமாவால் இருமுபவர், நிமோனியாவால் இருமுபவர், பல ஆண்டுப் புகையால் இருமுபவர். அவர்களிடையே காசநோயாளியைப் பொறுக்கி எடுப்பதே சோதனையின் உண்மையான வேலை.

காரணியைத் தேடும் பாதையில் திருப்பம் 2010 டிசம்பரில் வந்தது. அரசுத் திட்டத்தில் சிபிநாட் என்று வழங்கும் எக்ஸ்பர்ட் கருவியை உலக சுகாதார நிறுவனம் அப்போது ஏற்றுக்கொண்டது. சளியில் உள்ள கிருமியின் மரபணுத் துண்டைப் பல்கிப் பெருகச் செய்து அது இருப்பதைக் காட்டுவதோடு, ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவின் 81 எழுத்து நீளமுள்ள பகுதியைப் படித்து ரிபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் இரண்டு மணி நேரத்துக்குள் அது சொல்லிவிடுகிறது. அந்த மருந்துக்கான எதிர்ப்பில் ஏறத்தாழ 95 சதவீதம் இந்தச் சிறு பகுதியில் நேரும் மாற்றங்களால்தான் வருகிறது என்பது இயற்கை நமக்குச் செய்த உதவி. முதல் பதிப்புக்கு ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 130 கிருமிகள் தேவைப்பட்டன. அல்ட்ரா என்ற பின்வந்த பதிப்புக்கு 16 போதும். கோவாவில் உருவான ட்ரூநாட் என்ற சிறு கருவி, மின்கலத்தில் இயங்குவதால், குளிரூட்டிய அறையும் தடையில்லா மின்சாரமும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேலை செய்யும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதையும் பரிந்துரைத்தது.

இவற்றுக்கும் எல்லை உண்டு. இறந்த கிருமியின் மரபணுவும் சளியில் சில காலம் தங்கியிருக்கும் என்பதால், சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இச்சோதனை உதவாது; அதற்குப் பழைய நுண்ணோக்கியும் வளர்ப்பு முறையும்தான் இன்னும் கைகொடுக்கின்றன. குழந்தைகள் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவதால், அவர்களிடம் இரைப்பை நீரையோ மலத்தையோ சோதிக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெஞ்சிலிருந்து வந்த கெட்டிச் சளிக்குப் பதிலாக வாயில் ஊறிய எச்சிலைக் கொண்டுவந்து கொடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் இல்லை என்றே சொல்லும். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும் என்று நோயாளிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆய்வக நுட்புநரின் வேலையை நான் எந்தக் கருவிக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

யாரைச் சோதிப்பது என்பது அடுத்த கேள்வி. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலேயே தங்கி மருந்துண்பது சானட்டோரியத்தில் தங்குவதற்குச் சளைத்ததல்ல என்று நிறுவி உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்நிறுவனம் ஒருங்கிணைத்து 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஒரு லட்சம் பேருக்கு 316 பேரிடம் நுரையீரல் காசநோய் இருப்பது தெரிந்தது. மார்புக் கதிர்ப்படம் எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் அவர்களில் 42.6 சதவீதம் பேர் விடுபட்டிருப்பார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. ஆனாலும் நோய் இருக்கிறது.

அப்படியானால் எல்லோரையும் சோதித்துவிடலாமே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோயாளிகளில் 85 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், நோயில்லாதவரில் 98 சதவீதம் பேரைச் சரியாக விலக்கும் ஒரு சோதனை இருப்பதாகக் கொள்வோம். காகிதத்தில் அது சிறந்த சோதனை. ஒரு லட்சம் பேருக்கு அதைச் செய்தால் 316 நோயாளிகளில் ஏறத்தாழ 269 பேரைக் கண்டுபிடிப்போம். கூடவே, நோயில்லாத 99,684 பேரில் இரண்டு சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,994 பேருக்கும் நோய் இருப்பதாகச் சொல்லிவிடுவோம். நோய் உண்டு என்று சீட்டு வாங்கிய எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட உண்மையில் நோய் இருக்காது. ஆகவேதான் முதலில் கதிர்ப்படம் போன்ற ஒரு சல்லடையால் ஆட்களைச் சலித்து, பிறகு மரபணுச் சோதனைக்கு அனுப்பும் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. புதிய சோதனையை முன்மொழியும் எந்த ஆய்வேடும் இந்தக் கணக்கை ஒரு பக்கத்திலாவது போட்டுக் காட்ட வேண்டும் என்பேன்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தச் சல்லடையை எங்கே விரிப்பது என்று கேட்டால், முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளைத்தான் முதலில் காட்டுவேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை வெட்டித் தூளை உருட்டிச் சுற்றும் பெண்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை. ஆனால் தூள் வீட்டின் காற்றோடு கலந்திருக்கிறது. அங்கே இருமல் ஒரு செய்தியாகவே எண்ணப்படுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்ற விதி, இருமலை இயல்பென்று ஏற்றுக்கொண்ட வீட்டில் வலுவிழந்துபோகிறது. அந்தப் பீடியைப் புகைப்பவர் நிலை தெளிவாகவே ஆராயப்பட்டிருக்கிறது. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி 2003இல் வெளியான ஆய்வு, இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்ற முடிவுக்கு வந்தது.

இந்தப் புகையிலைதான் நம்மை இரண்டாம் துறைக்கு அழைத்துச் செல்கிறது. மண்ணில் உள்ள காட்மியம் என்ற கன உலோகத்தை வேரில் நிறுத்திவைக்காமல் இலைக்கு ஏற்றிவிடும் செடிகளில் புகையிலை முன்வரிசையில் நிற்கிறது. துத்தநாகத்தை மேலே அனுப்பும் எச்.எம்.ஏ.4 என்ற புரதப் பம்பு, வேதியியலில் அதன் தம்பி போன்ற காட்மியத்தையும் பிரித்தறியாமல் ஏற்றி அனுப்புகிறது. புகைப்பவர் உடலில் காட்மியச் சுமை புகைக்காதவரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதற்கு இதுவே காரணம். சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியாகக் குறையப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் பிடிக்கும். புகையிலைச் செடியோ அதைச் சுமந்துகொண்டு பச்சைப்பசேலென்று நிற்கும்.

காட்மியத்தின் கேடு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. துத்தநாகமோ செம்போ மண்ணில் மிகுந்தால், உண்பவருக்குத் தீங்கு நேரும் முன்பே பயிர் கருகிப்போகும்; செடியே காவல் நிற்கிறது. காட்மியத்தில் அந்தக் காவல் இல்லை. மனிதருக்குத் தீங்கான அளவைத் தானியத்தில் ஏற்றிக்கொண்ட பின்னும் நெற்பயிர் நன்றாகவே விளையும். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் நடந்தது அதுதான். மேலே காமியோகா சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம் கீழே வயல்களுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியை உண்டு வாழ்ந்த நடுவயதுப் பெண்களின் எலும்புகள் சிறு அசைவுக்கே முறிந்தன. வலி தாளாமல் அவர்கள் எழுப்பிய ஓலமே நோய்க்குப் பெயரானது. இதாய்-இதாய் எனும் அந்நோயை 1968இல் ஜப்பானிய அரசு மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது.

தாமிரபரணியின் தலைமாட்டில் அப்படியொரு சுரங்கம் இல்லை; பொதிகையில் ஆறு பிறக்கும் இடம் காப்புக்காடு. ஆகவே இங்கே பீதியைக் கிளப்புவது நேர்மையாகாது. எனினும் ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டான மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் திருநெல்வேலி மாநகரைத் தாண்டி வந்த நீரைத்தான் வாங்கி வயலுக்குத் திருப்புகின்றன. மாநகரின் சாக்கடையும், பட்டறைக் கழிவும், பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்யப்படும் உரத்தில் இயல்பாகவே இருக்கும் சிறிதளவு காட்மியமும் ஆண்டாண்டாய் மண்ணில் படியக்கூடியவை. உலோகம் மட்கிப்போவதில்லை, வந்தது வந்ததுதான்.

நெல்லின் வேர் காட்மியத்தை உள்ளே விடுவது மாங்கனீசுக்காக அமைந்த என்.ராம்ப்.5 என்ற வாயில் வழியாக. உள்ளே வந்ததை வேர்ச் செல்லின் வாக்குவோல் என்ற அறைக்குள் தள்ளிப் பூட்டுவது எச்.எம்.ஏ.3 என்ற பம்பு. அந்தப் பம்பு பழுதான நெல் வகைகளில் தானியத்துக்கு ஏறும் காட்மியம் மிகுகிறது. விதையைவிட வலுவான செல்வாக்கு தண்ணீருக்கு உண்டு. வயலில் நீர் தேங்கி நின்றால் மண்ணில் ஆக்சிஜன் அற்றுப்போய், காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சேர்மமாகி வேருக்கு எட்டாமல் அடங்கிவிடும். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் வயல் காய்ந்தால் அந்தச் சேர்மம் உடைந்து காட்மியம் விடுபடும். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் கார், பிசானம் ஆகிய இரு நெல் பருவங்களிலும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும்படி உழவர்களுக்குச் சொல்கிறோம்; நீர்ச் சிக்கனத்துக்கும் ஆர்செனிக்கைக் குறைப்பதற்கும் அது நல்ல முறை. அதே முறை காட்மியத்தைக் கூட்டும். ஒரு வயலுக்கு எது ஏற்றது என்பது அந்த மண்ணில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் வரை காட்மியம் இருக்கலாம் என்பது பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த வரம்பு.

செடிக்குள் உலோகம் புகுந்தபின் நடப்பது உயிர்வேதியியலின் அழகான பகுதிகளில் ஒன்று. செல் தன்னிடமுள்ள குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்து, கந்தகக் கைகள் பல கொண்ட பைட்டோகிலேட்டின் என்ற சங்கிலியைச் செய்கிறது; 1985இல் கண்டறியப்பட்ட இச்சங்கிலி காட்மியத்தைச் சுற்றிப் பிணைத்து வாக்குவோலுக்குள் கொண்டுசேர்க்கிறது. அதற்கு அகப்படாமல் தப்பிய உலோகம் ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் குலைக்கிறது. அதனால் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க ஆக்சிஜன் பொருள்கள் பெருகிச் சவ்வுக் கொழுப்பை அரிக்கின்றன. அவற்றை அடக்கக் கேட்டலேஸ், பெராக்சிடேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் ஆகிய நொதிகள் சுரக்கின்றன, புரோலின் என்ற அமினோ அமிலம் சேர்கிறது, பச்சையம் குறைகிறது. பச்சைப்பயற்றையோ உளுந்தையோ தொட்டியில் முளைக்க வைத்து, காட்மியம் குளோரைடு கரைசலை ஊற்றி, இந்த அளவுகளை எடுத்து வரைபடமாக்கிய ஆய்வேடுகள் நம் நாட்டில் ஏராளம்.

என் மனக்குறை இங்கேதான். அந்த அளவுகள் எல்லாம் எதிர்வினைகள். ராதாபுரம், திசையன்விளை பக்கம் தேரி மணலில் நிற்கும் செடியில் வறட்சியாலும், கடலோர உவர் நிலத்தில் நிற்கும் செடியில் உப்பாலும், கோடை வெயிலில் வெறும் வெப்பத்தாலும் புரோலின் ஏறும், கேட்டலேஸும் மாறும். புரோலின் கூடியிருக்கிறது என்பதை வைத்து மண்ணில் காட்மியம் இருக்கிறது என்று சொல்வது, எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதை வைத்து ஒருவருக்குக் காசநோய் என்று மருந்து கொடுத்ததற்குச் சமம். ஊற்றும் அளவும் பொருந்துவதில்லை. சாதாரண விளைநிலத்தில் காட்மியம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழேதான் இருக்கும். தொட்டியிலோ ஐம்பதும் நூறுமாக ஊற்றிச் செடி வாடுவதைப் பதிவு செய்கிறோம். முற்றிய நோயாளியையும் முழு ஆரோக்கியமானவரையும் ஒப்பிட்ட பழைய சோதனைகளின் கதையே திரும்ப நடக்கிறது. செடி வாடாமல் நிற்கும் குறைந்த அளவில் தானியத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் சோறு உண்பவருக்குத் தெரிய வேண்டியது. அதற்கு அம்பை 16 போன்று இந்த மண்ணிலேயே உருவான நெல் வகைகளைக் கதிர் முற்றும்வரை வளர்த்து, அரிசியை அமிலத்தில் கரைத்து அணு உட்கவர் நிறமாலைமானியில் படிக்க வேண்டும். அது நான்கு மாத வேலை. முளைவிட்ட பயற்றில் பத்து நாளில் முடியும் வேலையன்று.

எதிர்வினை ஆய்வுகள் வீண் என்பது என் வாதமன்று. அவை நோயறியப் பயன்படாவிட்டாலும், உயிர் எப்படித் தாங்குகிறது என்று காட்டும். காசநோய்க் கிருமியை விழுங்கிய மேக்ரோபேஜ் செல்கள், அதைக் கொல்லும் வழிகளில் ஒன்றாகத் துத்தநாகத்தையும் செம்பையும் அதன்மீது கொட்டுகின்றன. கிருமியோ சி.டி.பி.சி. என்ற பம்பால் துத்தநாகத்தை வெளியே தள்ளி, கந்தகம் மிகுந்த ஒரு சிறு புரதத்தால் செம்பைப் பிணைத்து உயிர் பிழைக்கிறது. நெல் வேரில் காட்மியத்தைப் பூட்டும் பம்பும் கிருமியின் இந்தப் பம்பும் ஒரே பெரும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதைவிட நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. காசநோய்க்கான ஐசோனியசிட் மருந்து விழுங்கும்போது வெறும் மூலப்பொருள். கிருமியின் கேட்-ஜி என்ற கேட்டலேஸ்-பெராக்சிடேஸ் நொதியே அதைச் செயல்படும் நஞ்சாக மாற்றுகிறது. அந்த நொதி கெட்ட கிருமிக்கு மருந்து ஏறாது. மரபணுவைப் படிக்கும் வழி தெரியாத 1950களிலேயே, கேட்டலேஸ் செயல்பாட்டை இழந்த கிருமிகள் இந்த மருந்துக்கு அடங்குவதில்லை என்பதைக் கவனித்திருந்தார்கள். பயிர் ஆய்வாளர் இலையில் அன்றாடம் அளக்கும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் கேட்-ஜியும் ஒரே நொதி வகுப்பின் கிளைகள். இரு ஆய்வகங்களும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தும் ஒன்றின் பாடம் மற்றொன்றுக்குப் போய்ச் சேராவிட்டால் அது பெரிய இழப்பு.

செடியைக் கொண்டே மண்ணையும் நீரையும் துப்புரவாக்குவது பற்றியும் இங்கே அதிகம் பேசப்படுகிறது. தாமிரபரணியில் மண்டும் அமலைச் செடி என்ற ஆகாயத் தாமரை தன் வேரில் ஈயத்தையும் காட்மியத்தையும் ஈர்த்துச் சேர்ப்பது பல நாடுகளில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆற்றிலிருந்து அதை வாரிக் கரையிலேயே போட்டு மட்கவிட்டால் ஈர்த்த உலோகம் மறுபடி ஆற்றுக்கே போகும். தொழுவுரத்தோடு கலந்தால் வயலுக்குப் போகும். வெட்டிவேர் உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்வதால் மாசுபட்ட கரையைக் கட்டிப்பிடிக்க ஏற்றது. மண்ணிலிருந்து உலோகத்தை அகற்ற ஏற்றதன்று. ஆர்செனிக்கைத் தன் இலைகளில் குவித்துக்கொள்ளும் திறன் ஒரு பெரணிக்கு இருப்பது 2001இல் வெளியானபோது உலகம் வியந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பாளையங்கோட்டைக்கு அந்தத் திசையில் இயல்பான உரிமை உண்டு.

மூலிகைகளுக்கும் இது பொருந்தும். 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் இந்தச் சீமையில், இருமல் என்றதும் ஆடாதோடை இலையைத் தேடுவது வழக்கம். அதில் உள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டின் அமைப்பைப் பின்பற்றியே புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவாக்கப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நாட்டில் நின்றுவிட்டாலும், அதற்கு முன் பழைய நெடுஞ்சாலையோர மண்ணில் படிந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை. மூலிகைச் சரக்கில் ஈயம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் காட்மியம் 0.3 பங்குக்கும் மேல் போகக்கூடாது என்பது விதி. ஆகவே இலையைப் பறிக்கும் இடத்தைப் பார்த்துப் பறிக்க வேண்டும். ஆடாதோடைக் கஷாயம் இருமலைத் தணித்தாலும், இரண்டு வாரம் கடந்தால் சளியைக் கொடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். தணிந்த இருமல் கிருமி போய்விட்டதற்குச் சான்றாகாது.

காசநோய்த் துறை காரணியைத் தேடும் கருவியைச் சுகாதார நிலையம்வரை கொண்டுவந்துவிட்டது. அதற்கு அடுத்த படியையும் தமிழ்நாடு எடுத்துவைத்திருக்கிறது: 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் உடல் எடைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எதிர்வினையை அளப்பதற்கு உரிய இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். காரணி உறுதிப்பட்ட பிறகு, கேடு எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்று அறிவதற்கு அது பயன்பட வேண்டும்.

மண்ணின் பக்கம் அந்த முதல் படியே இன்னும் வைக்கப்படவில்லை. 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் பதியப்படுகின்றன. துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு ஆகிய நான்கு உலோகங்கள் அவற்றில் உண்டு. காட்மியமும் ஈயமும் ஆர்செனிக்கும் இல்லை. துத்தநாகப் பற்றாக்குறைக்காக ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டு இடச் சொல்லும் பரிந்துரை இந்த அட்டையைப் பார்த்தே தரப்படுகிறது. துத்தநாகம் குறைந்த மண்ணில் நெல் காட்மியத்தை இன்னும் மிகுதியாக இழுக்கக்கூடும் என்பதால் அந்தப் பரிந்துரைக்கு இரட்டைப் பயன் உண்டு. துத்தநாகத்தை மண்ணிலிருந்து பிரிக்க ஆய்வகம் பயன்படுத்தும் டி.டி.பி.ஏ. கரைசல், பயிருக்கு எட்டக்கூடிய காட்மியத்தையும் ஈயத்தையும் பிரித்தெடுக்கும். அதே குப்பியில் உள்ள அதே வடிநீரை அதே நிறமாலைமானியில் காட்மிய விளக்கை மாற்றிப் பொருத்திப் படித்தால் போதும். அளவு மிகக் குறைந்த மண்ணுக்குச் சுடருக்குப் பதில் கிராஃபைட் உலை தேவைப்படலாம். மருதூர், ஸ்ரீவைகுண்டம் பாசனப் பகுதிகளிலிருந்தும், ஒப்பிடுவதற்காக மாநகருக்கு மேலே உள்ள கன்னடியன் கால்வாய்ப் பகுதியிலிருந்தும் கார், பிசானம் இரு பருவத்திலும் மண்ணையும் அதே வயலின் அரிசியையும் எடுத்து இப்படிப் படிப்பது, ஒரு முனைவர் பட்ட மாணவர் தம் ஊரிலிருந்தே செய்து முடிக்கக்கூடிய வேலை.